முகமறியாதவருக்குப் பட்ட கடன்

ஆனி பிறந்து மேற்கே முகில் திரண்டதும் தென்காசிச் சீமையில் காற்றின் குணமே மாறிவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியே மலையின் ஈரத்தைச் சுமந்துகொண்டு நுழையும் அந்தக் காற்று, வெயிலென்றும் மழையென்றும் சொல்ல முடியாத இதமான நிலையொன்றைத் தோற்றுவித்துச் சாரலாகத் தூறும். பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்களை அழைத்துக்கொள்ளும் காலம் அது. நாட்பட்ட நோயிலிருந்து எழுந்தவர் தேறுவதற்காகவும், உடல்வலி நீங்குவதற்காகவும் குற்றாலத்தில் பத்து நாள் தங்கி வருவது நம் பாட்டன்மார் காலத்து வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் உடல்நலங் கருதி இங்கே வந்து தங்கினர். ஞானப் பாடல்களால் புகழ்பெற்றுத் தக்கலையில் அடங்கியிருக்கும் பீர் முகம்மது அப்பா அவர்கள் பிறந்ததும் இந்தத் தென்காசியில்தான். நல்ல காற்றுக்கும் நல்ல நீருக்கும் பேர் போன ஊர்களைக் கணக்கெடுத்தால் தென்காசியையும் குற்றாலத்தையும் விட்டுவிட்டு எவரும் கணக்கை முடிக்க மாட்டார்கள்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பழைய நினைவில், தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலத்திற்கு நடந்தே சென்றோம். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம். இளமையில் பேசிக்கொண்டே நடந்து கடந்த சாலை. இம்முறை பேச முடியவில்லை. வேன்களும் கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் முன்பின் நகர வழியின்றி வரிசையாக நின்றிருந்தன. பெரும்பாலானவற்றில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாரலின் ஈரத்தோடு டீசல் புகை கலந்து, தரையோடு தரையாகப் படிந்திருந்தது.

சாலையோரத்தில் ஒரு மூதாட்டி, ஆறு ஏழு வயது மதிக்கத்தக்க பேரனை இடுப்போடு அணைத்துக்கொண்டு, தம் முந்தானையால் அவன் மூக்கையும் வாயையும் பொத்தியபடி நின்றிருந்தார். பையனின் தோள்கள் ஏறி ஏறி இறங்கின. அருகில் நின்ற வேனின் ஓட்டுநரிடம் அவர், "தம்பி, வண்டிய கொஞ்சம் ஆஃப் பண்ணி வையேன். பிள்ளைக்கு இளைப்பு, மூச்சு வாங்குது" என்றார். ஓட்டுநர் முரடர் அல்லர். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "ஆச்சி, நான் ஒருத்தன் ஆஃப் பண்ணுனா புகை போயிருமா? முன்னாடியும் பின்னாடியும் எத்தனை வண்டி நிக்குன்னு பாருங்க."

மூதாட்டி பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் பேரனை அழைத்துக்கொண்டு ஒரு தேநீர்க் கடையின் பின்புறமாக ஒதுங்கிவிட்டார்.

அந்த ஓட்டுநரின் மறுமொழியை நம்மால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அவர் கணக்கு பிழையானதன்று. நூறு வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு வண்டியின் புகை நின்றால் அந்தப் பிள்ளையின் மூச்சில் தெரியும்படியான மாற்றம் எதுவும் நிகழப்போவதில்லை. அவரைக் கண்டிக்கும் தகுதியும் நமக்கு இல்லை. அதற்கு முந்தைய வாரந்தான், வெளியூரிலிருந்து வந்த உறவினருடன் வாடகைக் காரொன்றில் அதே சாலையில் அரைமணி நேரம் நின்றோம். குளிர்சாதனத்திற்காக எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. அதை நிறுத்தச் சொல்லவேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை. கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. வெளியே எந்தப் பிள்ளை நின்றது என்பதையும் நாம் பார்க்கவில்லை.

எனவே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் கேள்வி நம்மையும் சேர்த்தே எழுப்பப்படுவதாகும். பலர் சேர்ந்து சிறிது சிறிதாகச் செய்யும் தீங்கில், ஒருவருடைய பங்கு மிகச் சிறியது என்பதனால் அவர் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுகிறாரா?

நோயும் புகையும்

முதலில் தீங்கு உண்மைதானா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா புதிய நோயன்று. நம் நாட்டில் அதை இளைப்பு என்றும் இரைப்பு என்றும் சுவாச காசம் என்றும் சொல்லி வந்தார்கள். அரபியில் அதற்கு ‘ரப்வு’ என்று பெயர். சுல்தான் ஸலாஹுத்தீனின் குடும்பத்திற்கு எகிப்தில் மருத்துவம் பார்த்த யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோய்க்கென்றே அரபு மொழியில் தனி நூலொன்று எழுதினார். குறுகிய தெருக்களும் உயர்ந்த கட்டடங்களும் கழிவுகளும் நிறைந்த நகரத்தின் காற்று திறந்த வெளியின் காற்றைவிடக் கலங்கியது என்பதை அவர் அதில் எடுத்துக்காட்டி, நோயாளி தூய காற்றுள்ள பகுதியை நாடவேண்டுமென்று அறிவுறுத்தினார். மோட்டார் வாகனம் என்ற ஒன்று கற்பனையிலும் இல்லாத காலத்தில் சொல்லப்பட்டது அது.

இன்று நாம் அறிந்திருப்பது அதனினும் கூடுதலானது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழல்களின் உட்சுவர் அழற்சியுற்று வீங்குகிறது, சளி மிகுகிறது, சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, காற்று உள்ளே வருவதைவிட வெளியே போவது கடினமாகிறது. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற வாயுவும், 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்களும், டீசலின் கரித்துகள்களும் இந்த அழற்சியைத் தூண்டுகின்றன. பிள்ளைகளுக்குத் தீங்கு அதிகம். தம் உடல் எடைக்கு அவர்கள் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய உயரமோ புகைபோக்கியின் உயரத்திற்கு அருகில் இருக்கிறது.

இதில் ஒரு வேறுபாட்டை உணர்ந்துகொள்வது அவசியம். ஏற்கெனவே இருக்கும் இளைப்பைப் புகை கிளப்பிவிடுகிறது என்பது நெடுங்காலமாக எல்லோரும் அறிந்ததே. அதை ஒரு தற்காலிகத் தொல்லையாக எண்ணி ஆறுதல் கொள்ளவும் முடியும். ஆனால் நோயே இல்லாத பிள்ளைக்கு நோயை உண்டாக்குவதிலும் புகைக்குப் பங்குண்டு என்றால், அது வேறு வகையான குற்றச்சாட்டு. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் 1993ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாயிரம் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்த ஆய்வு இந்தக் குற்றச்சாட்டுக்கு வலுவான சான்றளித்தது. வீட்டருகிலோ பள்ளியருகிலோ வாகனப் புகை மிகுந்திருந்த பிள்ளைகளிடையே புதிதாக ஆஸ்துமா தோன்றுவது அதிகமாயிருந்ததை 2010ஆம் ஆண்டு அவ்வாய்வாளர்கள் வெளியிட்டனர். அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2019ஆம் ஆண்டு மகிழ்ச்சியான செய்தியொன்றும் வந்தது. அப்பகுதியில் கடுமையான சட்டங்களால் காற்று தூய்மையாகி வந்த ஆண்டுகளில், நைட்ரஜன் டை ஆக்சைடு குறைந்த ஊர்களில் பிள்ளைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா தோன்றுவதும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. பாஸ்டன் நகரிலுள்ள சுகாதார விளைவுகள் ஆய்வு நிறுவனம், உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கி, வாகனப் புகைக்கும் ஆஸ்துமா தோன்றுவதற்கும் உள்ள தொடர்பு கணிசமான அளவுக்கு நம்பத்தக்கது என்று 2022ஆம் ஆண்டு அறிவித்தது.

உலக அளவிலான கணக்கும் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 இலட்சம் பிள்ளைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா தோன்றுவதற்கு நைட்ரஜன் டை ஆக்சைடு காரணமாகலாம் என்று 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுள் இந்தியப் பிள்ளைகள் ஏறத்தாழ 3 இலட்சத்து 50 ஆயிரம் பேர். அதே ஆய்வு சொன்ன மற்றொரு செய்தி நம்மை மேலும் சிந்திக்கவைக்கிறது. அந்தப் பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றிருவர் வாழ்ந்தது, உலகச் சுகாதார நிறுவனம் அன்று வகுத்திருந்த எல்லையைவிட நைட்ரஜன் டை ஆக்சைடு குறைவாயிருந்த இடங்களில்! அந்த எல்லை கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். 2021ஆம் ஆண்டு அந்நிறுவனம் அதை 10 ஆகக் குறைத்தது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஆண்டுச் சராசரி எல்லையும் 40தான். ஆக, ‘அளவுக்குள்தான் இருக்கிறது’ என்ற சொல் அதிகாரிக்கு ஆறுதல் தரலாம். மூச்சு வாங்கும் பிள்ளைக்கு அது எதையும் தருவதில்லை.

யாரைச் சுட்டுவது?

ஒருவன் மற்றொருவனைக் கல்லால் அடித்தால் அடித்தவனும் தெரியும், அடிபட்டவனும் தெரியும், கல்லும் கிடக்கும். புகையால் நேரும் தீங்கில் இம்மூன்றுமே மறைந்துவிடுகின்றன. ஆயிரம் பேர் புகைவிடுகிறார்கள். அவர்களுள் எவருடைய புகை எந்தப் பிள்ளையின் நெஞ்சில் தங்கியது என்று பிரித்தறிய இயலாது. ஆஸ்துமாவுக்குக் காரணங்களும் பல. பரம்பரை ஒன்று, வீட்டுத் தூசு ஒன்று, விறகடுப்புப் புகை, கொசுவத்திச் சுருள், பீடிப் புகை எனப் பட்டியல் நீளும். குற்றாலத்துச் சாரலின் ஈரமே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. குறிப்பிட்ட ஒரு பிள்ளையைக் காட்டி, ‘இவன் நோய்க்குக் காரணம் சாலைதான்’ என்று எந்த மருத்துவரும் எளிதில் சொல்லிவிட மாட்டார். கணக்கில் பிள்ளைகள் இருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாதவருக்காக மனம் இரங்குவது மனிதருக்குக் கடினமாக இருக்கிறது.

கணக்கிலிருந்த ஒரு பிள்ளைக்கு முகமும் பெயரும் கிடைத்த நிகழ்ச்சி ஒன்று இலண்டனில் நடந்தது. எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, அந்நகரின் தென் வட்டச் சாலைக்கு மிக அருகில் வாழ்ந்தவள், ஆஸ்துமாவுக்காகத் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் மரணமடைந்தாள். மரணத்திற்கு மூச்சுத் தடையே காரணமென்று முதலில் எழுதி முடித்துவிட்டார்கள். அவளுடைய தாய் ரோசமண்ட் அதை ஏற்றுக்கொண்டு அமர்ந்துவிடவில்லை. நீதிமன்றம் சென்று, முதல் விசாரணை முடிவை நீக்கச் செய்து, மறு விசாரணைக்கு வழி வகுத்தார். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், மரண விசாரணை அதிகாரி காற்று மாசும் அச்சிறுமியின் மரணத்திற்குக் காரணமாக அமைந்தது என்று தீர்ப்பளித்தார். தன் மகளுக்குப் புகை இத்தகைய தீங்கு செய்யும் என்பதைத் தனக்கு எவரும் முன்னரே சொல்லியிருந்தால் வீட்டை மாற்றியிருப்பேன் என்பது அந்தத் தாயின் முறையீடாக இருந்தது.

அந்தத் தீர்ப்பில் ஓட்டுநர் எவருடைய பெயரும் இல்லை. தென் வட்டச் சாலையில் அந்த ஆண்டுகளில் சென்ற இலட்சக்கணக்கானோருள் எவரையும் எவரும் கைதுசெய்யவில்லை. அவர்களுள் எவரும் அச்சிறுமிக்குத் தீங்கு நினைத்தவரும் அல்லர். ஆனால் தீங்கு நடந்தது. விண்ணிலிருந்து வந்து விழுந்த தீங்கு அல்ல அது; அவர்கள் ஒவ்வொருவரும் விட்டுச் சென்றதன் கூட்டுத்தொகை. நூறு பேர் ஆளுக்கொரு பிடி மண் போட்டு ஒரு கிணற்றைத் தூர்த்துவிட்டால், கிணறு தானாகத் தூர்ந்தது என்று நாம் சொல்வோமா? நூறில் ஒரு பங்கு என்பது சிறிதுதான். எனினும் அது பூச்சியமாகிவிடாது.

வேன் ஓட்டுநரின் கணக்கில் விடுபட்டது இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. ‘நான் நிறுத்தினால் நன்மை தெரியுமா?’ என்று அவர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி, ‘நடக்கும் தீங்கில் எனக்குப் பங்கு உண்டா?’ என்பது. முதல் கேள்விக்கு விடை அவர் சொன்னதுதான். இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல முன்னும் பின்னும் பார்க்கவேண்டிய தேவையே இல்லை.

பிழைப்பும் பொறுப்பும்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வண்டிகள் வீணுக்காக ஓடவில்லை. கொல்லத்திலிருந்து தென்காசி வழியாகத் திருமங்கலம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இரு மாநிலங்களின் வாணிகத்தைச் சுமக்கிறது. நம் பகுதியிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய கனரக லாரிகள் செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்திற்குச் செல்கின்றன. அங்கிருந்து வேறு சரக்குகள் வருகின்றன. சாரல் காலத்து மூன்று மாத வருமானத்தைக் கொண்டே ஆண்டு முழுவதும் அடுப்பெரிக்கும் குடும்பங்கள் குற்றாலத்தில் ஏராளம். ஆட்டோ ஓட்டுபவரும், பழக்கடை வைத்திருப்பவரும், விடுதியில் பணிபுரிபவரும் வாகனங்களை நம்பியே வாழ்கின்றனர். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் வாகனந்தானே!

இம்மறுப்பை நாம் முழு மனத்தோடு ஏற்கிறோம். அதை ஏற்பதனாலேயே பொறுப்பைச் சம பங்காக எல்லோர் தலையிலும் சுமத்த முடியாது என்றும் சொல்கிறோம். எவருக்குத் தெரிவு செய்யும் வாய்ப்பு அதிகமோ அவருக்குப் பொறுப்பும் அதிகம். கடனில் வாங்கிய பழைய லாரியை இரவு பகலாக ஓட்டும் ஓட்டுநருக்குத் தெரிவு மிகக் குறைவு. அந்த லாரியை எந்த நேரத்தில் எந்தச் சாலை வழியே விடுவது என்று முடிவு செய்கின்ற உரிமையாளருக்கும் அதிகாரிக்கும் தெரிவு உண்டு. அருவியில் குளிக்க நான்கு பேருக்கு இரண்டு கார்களில் வருகின்றவருக்கு நிச்சயமாக உண்டு. இருசக்கர வண்டியில் இரண்டு தெரு தாண்டிப் பால் வாங்கப் போகும் நமக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக அரசுக்கு உண்டு.

அரசு மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் இருக்கின்றன. 1981ஆம் ஆண்டிலேயே காற்று மாசைத் தடுப்பதற்கான சட்டம் இயற்றப்பட்டது. மாசற்ற நீரையும் காற்றையும் பெறுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1991ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் கூறியது. 1998ஆம் ஆண்டு அதே நீதிமன்றத்தின் ஆணையால் டில்லி நகரப் பேருந்துகள் டீசலை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற்றப்பட்டன. முடியாது, நட்டம், போக்குவரத்தே நின்றுபோகும் என்றெல்லாம் அன்று சொல்லப்பட்டது, ஆனாலும் மாறியது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நாடு முழுவதும் ‘பாரத் ஸ்டேஜ் 6’ என்ற கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்து, எரிபொருளிலுள்ள கந்தகமும் வெகுவாகக் குறைக்கப்பட்டது. புதிய வண்டி ஒவ்வொன்றின் புகையும் குறைந்திருக்கிறது என்பது உண்மை. வண்டிகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போவதும், பழையவை இன்னும் ஓடுவதும், நிற்கும் வண்டியும் புகைவிடுவதும் அதே அளவுக்கு உண்மை.

எந்த வாசலைத் தட்டுவது?

இனி, நம் உள்ளத்தை நீண்ட நாள் உறுத்திய ஒன்றைச் சொல்கிறோம்.

ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஒருவர் உறவினர் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் போய், "ஏதாவது தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டு விடைபெறுவது நம்மவரிடையே இன்றும் நிலவும் அழகிய வழக்கம். அதன் பின்னே ஆழ்ந்த நம்பிக்கை ஒன்றிருக்கிறது. இறைவனுக்குச் செய்யவேண்டிய கடமையில் குறை நேர்ந்தால் அவனிடம் நேரே மன்னிப்புக் கோரலாம். மனிதருக்குரிய உரிமையில், அதாவது ஹக்குல் இபாதில் தவறினால், அந்த மனிதர் மன்னித்தாக வேண்டும். தொழுகையும் நோன்பும் நிறைய வைத்திருந்தும், பிறருக்கு இழைத்த தீங்குகளுக்கு ஈடாக அவற்றின் நன்மைகளையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனே உண்மையான ஓட்டாண்டி என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்.

அப்படியானால், சாலையில் நாம் விட்டுச் சென்ற புகைக்காக எந்த வாசலைத் தட்டுவது? தென்காசியில் நெடுஞ்சாலையோரப் பள்ளியில் படிக்கும் எந்தப் பிள்ளையிடம் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது? அந்தப் பிள்ளைக்கே தெரியாதே, தனக்கு யார் கடன்பட்டிருக்கிறார் என்று! கடன் கொடுத்தவரைத் தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம், கெஞ்சியாவது கேட்கலாம். முகமறியாதவரிடம் பட்ட கடனைத் தீர்க்க முடியாது. கடன் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே முடியும். தீங்கு சிறியது, பலரோடு பங்கிட்டது என்ற எண்ணம் நமக்கு ஆறுதல் தரும்போதெல்லாம், இந்தக் கடனுக்கு மன்னிப்புக் கேட்க ஆளில்லை என்பதையும் நினைத்துக்கொண்டால் ஆறுதல் சற்றுக் குறையும். குறையத்தான் வேண்டும்.

ஒருவரால் தீர்க்க முடியாத கடமைக்கு என்ன வழி என்பதையும் நம் மரபு சிந்தித்தே வைத்திருக்கிறது. ஓர் ஊரில் ஒருவர் மரணமடைந்தால் அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்துவது அவ்வூரார் அனைவர்மீதும் கடமை. சிலர் முன்வந்து நிறைவேற்றிவிட்டால் எல்லோரும் நீங்கினர்; எவருமே முன்வராவிட்டால் எல்லோருமே குற்றவாளிகள். ஃபர்ளு கிஃபாயா என்ற இந்தக் கோட்பாட்டில் ‘நான் ஒருவன் செய்தால் போதுமா?’ என்ற கேள்விக்கு இடமில்லை. ‘எவராவது செய்தார்களா?’ என்பதே அங்கே கேள்வி. ஊரின் காற்றும் இத்தகைய பொதுக்கடமையே என்று நாம் கருதுகிறோம். பாதையில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கருதும் சமுதாயம், அதே பாதையின் மேல் மிதக்கும் நஞ்சைக் கண்டும் காணாதிருப்பது பொருந்துமா?

செய்யக்கூடியவை பெரும் செலவு பிடிக்காதவை. சாரல் காலத்தில் வெளியூர் வாகனங்களை ஊருக்கு வெளியே நிறுத்தச் செய்து, அங்கிருந்து அருவிகளுக்குப் பேருந்துகளை இயக்கலாம். வரிசையில் நிற்கும் வண்டிகள் எஞ்சினை அணைக்கவேண்டும் என்பதை விதியாக்கி, அதைச் சொல்லும் பலகைகளை வைக்கலாம். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கனரக லாரிகள் ஊருக்குள் வராதபடி செய்யலாம். பெரிய சாலையின் புகை 300 முதல் 500 மீட்டர் வரை செறிந்திருக்கும் என்று ஆய்வுகள் சொல்வதால், இனிக் கட்டும் பள்ளியையும் மதரஸாவையும் மருத்துவமனையையும் சாலையை விட்டுத் தள்ளிக் கட்டலாம். நெடுஞ்சாலையோரத்து மனை விலை கூடும் என்று பள்ளிக்கு அங்கே இடம் தேடுவோர் இதைச் சிறிது எண்ணிப்பார்க்க வேண்டும். புகைச் சான்றிதழை வண்டியைக் காட்டாமலே வாங்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். இவற்றுள் சில ஆட்சியாளர் செய்யவேண்டியவை. 2019ஆம் ஆண்டு தென்காசி தனி மாவட்டமானபின் அவர்களை அணுகுவதும் எளிதாகியிருக்கிறது. சில, ஜமாஅத்தும் வணிகர் சங்கமும் பள்ளி நிர்வாகமும் கூடிப் பேசினால் ஒரு வாரத்தில் நடந்துவிடக் கூடியவை. ஒன்றே ஒன்றுதான் நாம் தனியாகச் செய்யக்கூடியது: நிற்கும்போது எஞ்சினை அணைப்பது.

அதனால் அந்தப் பையனின் மூச்சு சீராகிவிடுமா என்று கேட்டால், ஆகாது என்றே சொல்லவேண்டும். ஆனால் பாட்டி ஒருவர் வந்து கேட்கும்போது, முன்னும் பின்னும் பார்க்கச் சொல்லாமல் சாவியைத் திருப்பும் ஒருவரைக் கண்டால், பின்னால் நிற்பவரும் திருப்பக்கூடும். இல்லாவிட்டாலும், கேட்டவர் தனியாகத் தேநீர்க் கடைக்குப் பின்னால் ஒதுங்க வேண்டிய நிலையாவது இராது.

இந்த ஆண்டும் ஆனி பிறக்கும், சாரல் வரும், நாமும் குற்றாலம் போவோம். அந்த மூதாட்டியை மீண்டும் காண நேருமோ என்னவோ! நேர்ந்தால், பேரன் எப்படியிருக்கிறான் என்று கேட்கவேண்டும். அதற்கு முன், நாம் வந்த வண்டி நின்றவுடன் எஞ்சினை அணைக்கச் சொல்லியிருக்க வேண்டும்.